பேக்பைப், டிரம் குழு: முதல் கூட்டம்

அனைவருக்கும் வணக்கம். நம் தீயணைப்பு வீரர்களின் பேக்பைப் (காற்றுப் பை இணைந்த குழல் வாத்தியம்), டிரம் குழுவை இனித் தள்ளிப்போட வேண்டாம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு, காரைக்குடியில் வழக்கமாகக் கூடும் வீட்டு வளவில் சந்திப்போம்.

1. யாரும் இப்போதே பேக்பைப் வாங்க வேண்டாம். முதலில் சாண்டர் எனும் பயிற்சிக் குழல் மட்டும். மொத்தம் 9 சுரம்தான், ஆனாலும் விரல் பழக மாதக்கணக்கில் ஆகும். அப்புறம்தான் பை. நாயனம் வாசித்துப் பழகியவர்கள் அவசியம் வாருங்கள்.
2. டிரம் வாசிப்பவர்கள் குச்சி கொண்டுவரவும்.
3. இரவுப் பணி முடித்தவர்கள் ஓய்வெடுங்கள், அடுத்த வாரம் வரலாம்.

1944 பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த வீரர்களை நினைக்கும் ஏப்ரல் 14 அன்று, என்றாவது நாம் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

குழலா, டிரம்மா? வெள்ளிக்குள் பதில் போடுங்கள்.