பால்டிமோரில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ.

ஞாயிற்றுக்கிழமை நாலு வார்த்தை பேசுவதற்குள் 'செல்லுக்கு மீடியா மாத்தணும்ப்பா' என்று வைத்துவிடுகிறாய், லேபில் வளர்க்கிற உயிரணுக்களுக்குச் சாப்பாட்டு நீர் மாற்ற. 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்று அதுகளுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறாய். நீ என்ன சாப்பிட்டாய் என்றால் 'ஏதோ சாப்பிட்டேன்'. வீடியோவும் போடுவதில்லை. 'இளைச்சிருப்பா, அதான் மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறா' என்கிறாள் அம்மா. வேளைக்குச் சாப்பிடு.

நீ வளர்க்கிற ஹீலா செல்லைப் பற்றி லைப்ரரியில் எடுத்துப் படித்தேன். உன் ஊரிலேயே 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அம்மாவின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்ததாமே. 31 வயசு, ஐந்து பிள்ளைகள், அந்த அக்டோபரிலேயே போய்விட்டாள். செல் மட்டும் உலகம் பூராவும் லேப் லேபாகப் பெருகியிருக்கிறது. வீட்டாருக்கு 20 வருஷத்துக்கு மேல் விஷயமே தெரியாது. கேட்காமல் எடுத்தது அந்தக் காலத்து வழக்கம் என்கிறார்கள், இருக்கட்டும். வீட்டு ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? எனக்கு மனசே ஆறவில்லை.

எதிர்வீட்டு வாத்தியார், 'உங்க மக டாக்டராச்சே, சர்க்கரைக்கு என்ன மாத்திரை நல்லது' என்கிறார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை சார், நோய் செல்லுக்குள் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிற படிப்பு என்றேன். பெருமைதான், மறைப்பானேன். ஆனால் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீ ஒரு வாழ்த்துகூட அனுப்பவில்லை. சித்தி முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாமா பையன் வந்திருந்தான். அந்த ஊரில் பிஎச்டிக்கு நடுவில் குவாலிஃபையிங் பரீட்சை உண்டாம். முதல் தடவை சரியாக அமையாவிட்டால் பல இடங்களில் மறுபடி உட்கார விடுவார்களாம். பொதுவாகத்தான் சொன்னான். நானும் பொதுவாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

லேபில் நான் பிளாக், அதான் மெழுகில் பதித்த திசுத் துண்டு, வெட்டுவதைச் சின்ன வயசில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். மே மாசத்து வெக்கையில் மெழுகு இளகி, 4 மைக்ரான் செக்ஷன், அந்த மெல்லிய சீவல், கசங்கிக் கசங்கி வரும், வாட்டர் பாத்தின் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் கிழியும். ரிப்போர்ட் எங்கே என்று டாக்டர் கத்துவார், கத்தட்டும். பிளாக்கை ஐஸ் மேல் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போவேன். திரும்பி வந்து வெட்டினால் சீவல்கள் ஒட்டி ரிப்பனாகச் சீராக வரும். கிழிந்த செக்ஷனுக்காக யாரும் பிளாக்கைத் தூக்கிப் போட்டதில்லை.

ஃபார்மலினை, நெடியை இழுத்து வெளியே விடுகிற அந்த ஹூடுக்கு வெளியே திறக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

இந்த மாசம் பணம் அனுப்ப வேண்டாம், கையில் வைத்துக்கொள். பொங்கலுக்கு வரலாம் என்று தோன்றினால் டிக்கெட் நான் போடுகிறேன், பென்ஷன் அரியர் வந்திருக்கிறது. காரணமெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கூரியரில் போட்டிருக்கிறோம். வந்ததும் போன் போடு. நேரம் பார்க்காதே, இங்கே ராத்திரி 2 மணியானாலும் எடுப்பேன்.

அப்பா