புதிதாக வந்தவரை உடனே கணக்கில் சேர்க்காதீர்கள்

நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்களுக்கும் வார்டு இன்சார்ஜ்களுக்கும் வணக்கம்.

படிப்பை முடித்து, பதிவும் பெற்று, ஒரு புதிய ஸ்டாஃப் நர்ஸ் உங்கள் வார்டுக்கு வருகிறார். கட்டடத்தைச் சுற்றிக் காட்டுகிறீர்கள். கை கழுவும் முறை, தீ விபத்துப் பயிற்சி, கணினியில் பதிவது எல்லாம் சொல்லித் தருகிறீர்கள். அப்புறம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று எழுதும் டியூட்டி ரோஸ்டரில் அவர் பெயர் ஏறுகிறது. அன்றிலிருந்து அவர் ஒரு முழு ஆள். மற்றவர்களுக்கு எத்தனை நோயாளிகளோ, அவருக்கும் அத்தனை.

நான் கேட்பது ஒன்றுதான். முதல் சில மாதங்களாவது அவரை அந்த எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஷிஃப்டில் இருக்கட்டும், வேலை செய்யட்டும். ஆனால் அவர் இல்லாமலேயே அந்த ஷிஃப்ட் ஓடும் அளவுக்கு ஆட்கள் இருக்க வேண்டும்.

"படித்துத்தானே வந்திருக்கிறார்?" என்பீர்கள். படித்திருக்கிறார். ஊசி போடத் தெரியும், கதீட்டர் வைக்கத் தெரியும், டோஸ் கணக்கும் வரும். மாணவியாக இருந்தபோது ஒன்றிரண்டு நோயாளிகளைப் பார்த்தார், பக்கத்தில் ஆசிரியர் நின்றார். இங்கே ஒரு படுக்கையில் ட்ரிப் முடிகிறது, இன்னொருவருக்கு வாந்தி, மூன்றாமவரை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும், நான்காமவரின் உறவினர் டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டபடி பின்னாலேயே வருகிறார். யாரிடம் முதலில் போவது என்பதுதான் இந்த வேலையின் பாதி. அது வகுப்பறையில் வராது. அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் பாட்ரிஷியா பென்னர் 1984-இல் நர்ஸ்களின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். ஒரே மாதிரியான சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த பிறகுதான் ஒருவர் மூன்றாவது படிக்கே, அதாவது தேர்ந்தவர் என்ற நிலைக்கே, வருகிறார் என்றார். நாமோ ஒரு மாதத்தில் எதிர்பார்க்கிறோம்.

மருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஐந்தையும் ஒப்பிப்பார். ஆனால் மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கும், யாராவது "சிஸ்டர்" என்று கூப்பிடுவார்கள். சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், இடையில் வந்த ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்து தரும்போது நேரும் மருத்துவப் பிழைகள் சுமார் 13 சதவீதம் கூடியிருந்தன. இத்தனைக்கும் அனுபவசாலிகளும் அதில் இருந்தார்கள். இன்சுலின், ஹெப்பாரின், அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு போன்ற மருந்துகளில் உயிருக்கு ஆபத்து வர ஒரு பிழையே போதும். இரண்டாவது ஆள் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். அந்த இரண்டாவது ஆள் எட்டுப் படுக்கை தள்ளி வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தால், சார்ட்டில் வெறும் கையெழுத்துதான் விழும்.

நைட் டியூட்டி இதைவிட மோசம். நோயாளியின் நிலை இறங்கத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சு எண்ணிக்கை. சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள், எல்லோருக்கும் 20 என்று எழுதியிருக்கும். (யார் எழுதியது என்று கேட்க வேண்டாம். புதியவர்கள் மட்டும் எழுதுவதில்லை.) ஒரு முழு நிமிடம் நின்று எண்ண நேரம் கிடைத்தவருக்குத்தான் அது 28 என்று தெரியும். தெரிந்த பிறகும் இரவு இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பத் தைரியம் வேண்டும். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் பேசச் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல முறைதான். ஆனால் "இதற்கா எழுப்பினாய்?" என்று ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை விடியட்டும் என்று காத்திருப்பார். முதல் நைட்டுகளில் ஒரு சீனியர் பக்கத்தில் நின்று, "கூப்பிடு, நான் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

அந்த சீனியர் யார் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். இன்று இவர், நாளை அவர் என்று மாற்றினால், ஒருவர் சொன்னதை மற்றவர் தப்பு என்பார், புதியவர் குழம்பிப்போவார். ஒரே ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். சர்வீஸ் அதிகம் உள்ளவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கேட்ட கேள்வியையே மூன்றாவது முறை கேட்டாலும் எரிந்து விழாதவராக இருக்கட்டும். அவருக்கும் படுக்கைகளைக் குறையுங்கள். முழு வேலையோடு சேர்த்து இதையும் பார் என்றால், அவர் ஊசியைப் பிடுங்கித் தானே போட்டுவிட்டுப் போவார். அதுதான் சீக்கிரம் முடியும்.

ஆள் பற்றாக்குறை, தெரியும். ஆனால் எண்ணிக்கையில் மட்டும் இருக்கும் ஆள், பற்றாக்குறையை மறைக்கிறாரே தவிர தீர்ப்பதில்லை. பென்சில்வேனியா மருத்துவமனைகளை வைத்து நர்சிங் ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. புதியவரை முழு ஆளாக எழுதிவிட்டால், அவருடைய படுக்கைகளிலும் பாதியைப் பக்கத்தில் இருப்பவர்தான் ஓடி ஓடிப் பார்க்கிறார். ரோஸ்டரில் அது தெரியாது. ஆகவே நிர்வாகத்திடம் இன்னும் ஆட்கள் வேண்டும் என்று கேட்க உங்கள் கையில் ஆதாரமும் இருக்காது. கொஞ்ச நாளில் அந்தப் புதியவரும் வேலையை விட்டுவிடுவார். திரும்பவும் முதலிலிருந்து கட்டடத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும்.

அடுத்த மாத ரோஸ்டர் போடும்போது புதியவர்களின் பெயர்களைத் தனி வரியில் எழுதுங்கள். பக்கத்தில் அவர்களுடன் இருக்கப்போகிறவரின் பெயரையும் எழுதுங்கள். அந்த வரியைச் சேர்க்காமல் கூட்டிப் பார்த்து, எந்த ஷிஃப்டில் ஆள் போதவில்லையோ, அந்த ஷிஃப்ட்களின் பட்டியலோடு மேலிடத்துக்குப் போங்கள். வேண்டுமானால் நாங்களும் கூட வருகிறோம்.

இப்படிக்கு,
புதியவர்களுடன் டியூட்டி பார்க்கும் ஒரு வார்டு செவிலியர்