முதல் பெட்டியை ஒளித்துவைக்கப்போகும் மகனுக்கு

அம்பாசமுத்திரம்

அன்புள்ள குமரா,

நீ அனுப்பிய படங்களை நானும் அப்பாவும் கணினியில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பறவைக்கூடு மாதிரி ஒரு மரப்பெட்டி. அடிப்பலகையில் காந்தத்தைக் காட்டினால் மட்டும் நகரும் தாழ்ப்பாள். பக்கவாட்டில் ஒரு குழாய், அதில் தண்ணீர் ஊற்றினால் சாவி மிதந்து மேலே வரும். கூரைக்குப் பேத்தி நிலா பூசியிருக்கும் மஞ்சளும் பச்சையும் நன்றாகவே சேர்ந்திருக்கின்றன. ஜி.பி.எஸ். எண்களைக் கொண்டு ஒளித்த பெட்டியைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில், இதுவரை மற்றவர்கள் ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடிக்கொண்டிருந்த நீ, முதன்முறையாக உன் கையால் ஒன்றை வைக்கப்போகிறாய். எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

படித்த பிள்ளை புதருக்குள் டப்பா தேடுகிறானே என்று உன் பெரிய மாமாவுக்குக் குறை. அவரிடம் சொன்னதையே உன்னிடமும் சொல்கிறேன். நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்த காலமெல்லாம் நான் எண்களைக் கொண்டு நிலத்தை வரைந்தவள். புல எண், கல் எண், கோட்டின் நீளம் இத்தனை லிங்க், குறுக்களவு இத்தனை லிங்க். என் மேசையைக் கடந்துபோன வயல்களில் பெரும்பாலானவற்றை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. போர்ட்லேண்டில் உங்களுடன் தங்கியிருந்தபோது நீ என்னை பீவர்கிரீக் பக்கம் அழைத்துப்போய், 45 டிகிரி 17.460 நிமிடம் வடக்கு, 122 டிகிரி 24.800 நிமிடம் மேற்கு என்ற எண்களை என் கையில் கொடுத்து, 'நீயே கண்டுபிடி அம்மா' என்றாய். இந்த விளையாட்டின் முதல் பெட்டி இருந்த இடத்தில், சாலையோரத்து மரங்களுக்கு நடுவே, அந்த நினைவுத் தகட்டைக் கண்டு, அதன்மேல் கையை வைத்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மாமாவுக்கு விளக்க முடியவில்லை. தாளில் இருந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே நடந்து, கடைசியில் மண்ணைத் தொட்டேன். அந்தச் சந்தோஷத்தைத் தரும் பொழுதுபோக்கை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அந்தத் தகடு இருக்கும் இடத்தின் கதையை நிலாவுக்கு நன்றாகச் சொல்லிக்கொடு. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம்வரை, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. கருவி காட்டும் இடம் 100 மீட்டர்வரை தள்ளிப்போகும். அந்தத் தடையை நீக்கிய கையோடு, மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் அங்கே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை வைத்து, அதன் எண்களை இணையக் குழு ஒன்றில் வெளியிட்டார். உள்ளே புத்தகம், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டப்பா பீன்ஸ். விதியும் சுருக்கமானதுதான்: கொஞ்சம் எடுத்துக்கொள், கொஞ்சம் வைத்துவிட்டுப் போ, வந்துபோனதை உள்ளே இருக்கும் ஏட்டில் எழுது. சில நாட்களிலேயே மைக் டீக் என்பவர் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்று இணையதளம் தொடங்கியபோது உலகம் முழுவதற்கும் 75 பெட்டிகள்தான்.

இதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு 1802 நினைவுக்கு வந்தது. எங்கள் துறையில் யாரும் மறக்காத ஆண்டு. ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் 100 அடிச் சங்கிலியைத் திரும்பத் திரும்பக் கிடத்தி, ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்த ஆண்டு. அந்தக் கோட்டிலிருந்துதான் இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளக்கும் வேலை வளர்ந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது, கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. அவர் அதைப் பிரித்துத் தம் கையாலேயே நிமிர்த்தி, மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். ஓரிடம் எங்கே இருக்கிறது என்று சொல்ல அன்று அத்தனை உழைப்பு வேண்டியிருந்தது. இன்று உன் சட்டைப்பையில் இருக்கும் கருவி சில நொடிகளில் சொல்லிவிடுகிறது. அந்த வசதியை வைத்துக்கொண்டு மனிதர்கள் ஒருவருக்கொருவர் இடங்களைக் காட்டி விளையாடுகிறார்கள் என்றால், எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

உன் பெட்டிக்கு வருகிறேன். பெட்டி அருமை. ஆனால் கடிதம் முழுக்கப் பெட்டியைப் பற்றியே எழுதியிருக்கிறாய், எங்கே வைக்கப்போகிறாய் என்பதற்கு ஒரே ஒரு வரிதான். 'பாதையில் எங்காவது ஒரு மரத்தில்' என்று. குமரா, முன்பின் தெரியாத ஒருவர் தம் விடுமுறை நாளில் பாதியை உன்னிடம் கொடுக்கப்போகிறார். அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறாய் என்பதை முதலில் முடிவுசெய். பெட்டி அதற்குப் பிறகு. பெட்டிகளுக்கிடையே 161 மீட்டர் இருந்தால் போதும் என்ற விதியை வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலை ஓரம் முழுக்க ஒரே மாதிரி டப்பாக்களை வரிசையாக வைத்துப்போகிறவர்கள் இருப்பதாகச் சொன்னாய். எண்ணிக்கை ஏறும்தான். அதில் எனக்கு ஈடுபாடு இல்லை. மவுண்ட் தேபர் பூங்காவில் நாம் நடந்தோமே, நகரத்துக்குள்ளேயே ஓர் எரிமலைக் குன்று! காலுக்குக் கீழே இருந்தது எரிமலைக் கசடு என்று நீ சொன்ன பிறகு அந்த மண்ணை நான் பார்த்த பார்வையே மாறிவிட்டது. பெட்டியே இல்லாமல், பாறையைப் பார்த்துக் கேள்விக்கு விடை எழுதச் சொல்லும் எர்த்கேச் வகை எனக்குப் பிடித்ததும் அதனால்தான். அப்படி ஒன்றைக் காட்டும் இடமாகத் தேடிப் பிடி.

பெட்டியில் சில திருத்தங்கள் சொல்கிறேன். படத்தில் பின்பலகையில் திருகாணித் துளைகள் தெரிகின்றன. மரத்தில் ஆணியோ திருகாணியோ அடிக்கக் கூடாது என்பது விளையாட்டின் விதி. விதி இல்லாவிட்டாலும் அடிக்காதே. பட்டை நாடாவால் கட்டு, அல்லது தனிக் கம்பத்தில் பொருத்து. முன்புறத் துளையை உள்ளிருந்து பலகை வைத்து அடைத்துவிடு. இல்லையென்றால் வசந்தத்தில் உண்மையாகவே ஏதாவது ஒரு பறவை குடியேறி முட்டையிட்டுவிடும், அதன்பிறகு யாரும் பெட்டியைத் தொட முடியாது. தண்ணீர்க் குழாயின் அடியில் சிறு துளை வை. விரலால் அடைத்துக்கொண்டு ஊற்றினால் சாவி மேலே வரட்டும், விரலை எடுத்ததும் நீர் வடிந்துவிடட்டும். தேங்கி நின்றால் குளிர்காலத்தில் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பதையும் குறிப்பில் சொல்லிவிடு, பாவம், ஏறி வந்த பிறகு வெறுங்கையோடு நிற்பார்கள்.

உங்கள் ஊர் மழையை நான் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் தூறும் மழைக்கு மரப்பெட்டியின் மூடி தாங்காது. உள்ளே ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான டப்பா ஒன்று இருக்க வேண்டும், அதற்குள்தான் ஏடு. நனையாத தாள் கிடைத்தால் வாங்கு. பேனா வேண்டாம், மை ஊறிவிடும், பென்சில் வை. புலப்படங்களில் நான் பென்சிலால் குறித்தவை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எண்களை எடுப்பதில் அவசரப்படாதே. நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தென்வடலாக ஏறத்தாழ 1.85 மீட்டர். உயரமான ஊசியிலை மரங்களுக்கு அடியில் சமிக்ஞை சிதறும், கருவி ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாது. வெவ்வேறு நாட்களில் போய் அளந்து சராசரி எடு. எல்லைக்கல்லின் அளவைத் தவறாக எழுதினால் இரண்டு குடும்பங்கள் சண்டைபோடும். இங்கே சண்டை வராது, ஆனால் தேடி வருபவர் தப்பான இடத்தில் பாசியையும் பெரணியையும் பிய்த்துப் போடுவார். அந்தச் சேதம் உன் எண்ணால் வந்ததாகிவிடும்.

இனி நான் மிகவும் ஆசைப்படும் ஒன்று. ஒரே பெட்டியோடு நிறுத்தாமல் இரண்டாவதாகப் புதிர்ப்பெட்டி ஒன்று செய்வோம், நானும் நீயும் சேர்ந்து. எங்கள் புலப்படத்தில் ஜி லைன் என்று ஒரு நேர்கோடு இருக்கும். அந்தக் கோட்டின் வழியே நடந்து, ஓர் இடத்தில் நின்று, செங்குத்தாக வலமோ இடமோ திரும்பி அளந்தால் வயலின் மூலை கிடைக்கும். ஏணிப்படிகள் போல எண்களை அடுக்கி எழுதுவதால் அதை ஏணி என்றே சொல்வோம். பூங்காவின் ஒரு பகுதியை அந்த முறையில் நான் வரைந்து தருகிறேன். தொடக்கம் ஒரு பெஞ்ச், கோட்டின் மறுமுனை ஒரு விளக்குக் கம்பம். கோட்டில் 240 லிங்க் நடந்து வலப்புறம் 85 லிங்க். தேடுபவர் லிங்க் என்றால் என்ன என்று முதலில் கண்டறிய வேண்டும். 66 அடிச் சங்கிலியில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 20 சென்டிமீட்டர் என்று தெரிந்துவிட்டால் 48 மீட்டரும் 17 மீட்டரும் வந்துவிடும். அமெரிக்காவில் நிலம் அளந்ததும் இதே சங்கிலியால்தான் என்பதால் அங்கே உள்ளவர்களுக்கும் அது அந்நியமல்ல. புதிருக்கு இணையதளத்தில் காட்டும் எண்களிலிருந்து உண்மையான பெட்டி சுமார் 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று நீ சொன்ன விதிக்கும் இது அடங்கும். விடை சரிதானா என்று வீட்டிலிருந்தே சரிபார்க்க ஒரு வழியும் கொடு. யோசிக்க வைப்பது வேறு, அலைக்கழிப்பது வேறு.

அந்தப் புதிர்ப்பெட்டியை அப்பா போன்றவர்கள் எட்டும் இடத்தில் வை. நீயும் நிலாவும் சரிவில் ஏறிப்போனபோதெல்லாம் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. நிலப்பரப்புக்கு ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போடுகிறார்கள், ஒன்று என்றால் சக்கர நாற்காலியிலேயே போய்ச் சேரலாம் என்று நீதானே சொன்னாய். மூளைக்குக் கடினமாகவும் காலுக்கு எளிதாகவும் ஒரு பெட்டி இருக்கட்டும். அப்படிப்பட்டவை குறைவு என்று அங்கிருந்தபோதே கவனித்தேன்.

அனுமதி கேட்பதில் சோம்பல் வேண்டாம். பூங்கா யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் கேள். பெட்டியின்மேல் இது என்ன என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், ஒருவர் ஒளித்த பெட்டியைப் பார்த்துப் பயந்துபோய் வெடிகுண்டு நிபுணர்களையே வரவழைத்துவிட்டார்கள். புதைக்கவும் கூடாது. அல்மர் வைத்த முதல் வாளி பாதிக்குமேல் மண்ணுக்குள்தான் இருந்தது என்றாலும், மண்ணைத் தோண்டக் கூடாது என்று பிற்பாடு விதி வந்தது நல்லதற்குத்தான்.

ஊருக்கு வரும்போது பாபநாசத்தில் அருவிப் பக்கம் ஒன்று வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் ராசா. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை இடம். அனுமதி கிடைத்தாலும், நீ விமானம் ஏறிய பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது? ஊர் விட்டு ஊர் போய் வைத்துவிட்டுத் திரும்பிப்போகிறவர்களின் பெட்டிகளை அந்த இணையதளத்தார் பொதுவாக ஏற்பதில்லை என்பதும் இதற்காகத்தான். கான்சஸில் மிங்கோ என்ற பெட்டி 2000 மே 11 முதல் இன்றுவரை நடப்பில் இருக்கிறது என்றால், இத்தனை காலமும் யாரோ போய்ப் பார்த்து, ஏட்டை மாற்றி, காணாமல் போனால் மறுபடி வைத்துக் காப்பாற்றிவருகிறார்கள் என்று பொருள். வீட்டிலிருந்து மாதம் ஒருமுறை நடந்தே போகக்கூடிய தூரத்தில் உன் பெட்டியை வை. ஈரமான ஏடு, உடைந்த மூடி என்று யாராவது எழுதினால் அந்த வாரமே போய்ப் பார். முடியாத நிலை வந்தால் எடுத்துவிட்டு, எடுத்துவிட்டேன் என்று அறிவித்துவிடு. குப்பையாகக் கிடக்க விடாதே.

பெட்டிக்குள் வைக்க இந்த ஊர் மரச் செப்புச் சாமான்களை வாங்கித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குட்டி அம்மி, உரல், முறம், குடம். தின்பண்டம் எதையும் வைக்கக் கூடாது என்பதால் மிட்டாய் அனுப்பவில்லை, அந்த வாசனைக்குக் காட்டு விலங்குகள் வந்து பெட்டியையே கடித்துப் போட்டுவிடுமாம். குடத்தை மட்டும் பரிமாற்றத்துக்கு வைக்காதே. எண் பொறித்த பயணத் தகடு ஒன்றை அதன் கழுத்தில் கட்டி, கைமாறிக் கைமாறித் தாமிரபரணிக் கரைவரை வந்து சேர வேண்டும் என்று நோக்கம் எழுதி அனுப்பிவிடு. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் பரவாயில்லை. எந்த ஊரில் யார் கையில் இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துச் சொல்வது நிலாவின் வேலை.

பூங்காவின் அளவுகளை எடுத்து அனுப்பு. பெஞ்சுக்கும் கம்பத்துக்கும் இடையே உள்ள தூரத்தை டேப் வைத்து அள, தொலைபேசியை நம்பாதே. இரண்டு வாரத்தில் படம் வரைந்துவிடுவேன். தேவியிடம் நான் கேட்டதாகச் சொல். பெட்டியை இணையதளத்தில் வெளியிடுமுன் சரிபார்க்கும் தன்னார்வ மறுபார்வையாளர் பறவைக்கூட்டைப் பற்றி என்ன சொல்கிறார் என்று தெரிந்தவுடன் எழுது, அப்பா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா