மின்வெட்டும் வளவு மீன்தொட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரை வெக்கையில் இரவு கரண்ட் நின்றால், வளவுத் தொட்டி மீன்கள் பெரும்பாலும் விடியப்புறம்தான் சாகும். 30 பாகைச் சூட்டில் ஒரு லீற்றர் நன்னீரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஒட்சிசனே கரையும். தண்ணீர் பச்சை பிடித்திருந்தால் இரவில் பாசியும் அதில் பங்கு கேட்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் இனித் தாமதிக்க நேரமில்லை.

தீனி போடாதீர்கள், செரிக்கவும் ஒட்சிசன் வேண்டும். தொட்டித் தண்ணீரையே வாளியால் அள்ளி இரண்டடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். அடியில் ஆணியால் துளையிட்ட வாளியைத் தொங்கவிட்டால் கை நோகாது. கிணற்று நீரைக் குழாயால் நேரே விடுவோர் பலர். நிலத்தடி நீரில் பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு, அதையும் தெறிக்கவிட்டே சேர்க்க வேண்டும். கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரியில் 5 வொட் காற்றுப் பம்பி நன்றாக ஓடும். மொத்தம் 84 வொட்-மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும், எனவே எட்டு மணித்தியாலம் என்று கொள்ளுங்கள். பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், நின்றதும் குழாய்வழி தண்ணீர் இறங்கிப் பம்பியைத் தின்றுவிடும்.

பலர் தவறவிடுவது மூடிய வடிகட்டியை. பல மணி நின்றபின் அப்படியே போட்டால், உள்ளே செத்த பக்ரீரியாவோடு நாறிய நீர் தொட்டிக்குள் பாயும். பஞ்சை எடுத்து, வாளியில் அள்ளிய தொட்டித் தண்ணீரில் அலசியபின் போடுங்கள்.

வீட்டு மீன் வளர்ப்போர்,
கோண்டாவில்.