செங்கோட்டையிலிருந்து ஒரு நன்றி மடல்

கூட இருந்து உதவிய எல்லாருக்கும் வணக்கம்.

கேம்களின் செட்டிங்குகளை வைத்திருக்கும் கான்ஃபிக் ஃபைல்களைப் படிக்கவும் எழுதவும் நான் செய்த பைத்தான் லைப்ரரியின் முதல் பதிப்பைப் போன வாரம் வெளியிட்டாயிற்று. அதில் இருப்பது என் பெயர் மட்டும்தான். யார் யார் கை பட்டது என்று சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சோதித்துப் பார்க்கக் கடை மெஷின்களைத் தந்த பிரவுசிங் சென்டர் அண்ணாச்சிக்கு முதல் நன்றி. அங்கேதான் ஒரு தம்பியின் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட்டோஎக்ஸெக் ஃபைலை, அதாவது கேம் திறக்கும்போதே ஓடும் கட்டளைகளின் ஃபைலை, படித்துத் திருப்பி எழுதினேன். எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று சொல்லும் பைண்ட் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் இரட்டைச் சாய்கோடு போட்டு, கேம் கண்டுகொள்ளாத கமெண்டாக அவன் எழுதிவைத்த “என் செட்டிங், கை வைக்காதே” என்ற வரியைக் காணோம். சென்சிடிவிட்டி 1.10 என்றிருந்தது 1.1 ஆகியிருந்தது. ரெண்டும் ஒன்றுதானே என்றேன். “ஒண்ணாவே இருக்கட்டும், நான் எழுதுனது அது இல்லயேண்ணே” என்றான். பத்தாம் வகுப்புப் பையன்! ஒரு வாரம் யோசித்தும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இப்போது கமெண்டும் காலி இடமும் உட்பட எதையும் லைப்ரரி தூக்கிப் போடுவதில்லை. எண்ணாகக் கேட்கிறவரை எண்ணும் வெறும் எழுத்துதான். தம்பி, பேக்கப் எடுக்காமல் உன் ஃபைலில் கை வைத்ததற்கு மன்னித்துக்கொள்.

அப்புறம் புனலூர்ச் சேட்டன். சோர்ஸ் என்ற எஞ்சினில் ஓடும் கேம்களை மாற்றி ‘மாட்’ செய்கிறவர். கேம்இன்ஃபோ ஃபைலில் சர்ச்பாத்ஸ் என்ற பகுதிக்குள் ‘கேம்’ என்ற ஒரே கீ, அதாவது பெயர், பல தடவை வரும். எந்த ஃபோல்டரில் முதலில் தேடுவது என்பது அந்த வரிசையைப் பொறுத்தது. நானோ எல்லாவற்றையும், ஒரு கீக்கு ஒரே மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் பைத்தான் டிக்ஷனரியில் போட்டிருந்தேன். கடைசி வரி மட்டும் மிஞ்சியது, அவருடைய மாட் திறக்கவே இல்லை. கோபப்படாமல் ரயிலேறி வந்துவிட்டார் மனுஷன். பிரானூர் பார்டரில் புரோட்டா ஆற ஆற, பில்லின் பின்பக்கம் படம் போட்டு, “இது டிக்ஷனரி அல்ல மோனே, லிஸ்டாணு” என்றார். 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர் எங்களுடையது. தாத்தா மலையாளம் எழுதவே எழுதுவார். எனக்குக் காதால் கேட்டால் புரியும், அவ்வளவுதான். அன்றைக்கு அது போதுமாக இருந்தது. அந்த பில் இன்னும் என் மேஜையில், எண்ணெய்க் கறையோடு இருக்கிறது.

எழுத்துகளை யுடிஎஃப்-16 என்ற முறையில் சேமித்த ஃபைல்களைத் தேடித் தேடி அனுப்பிய தென்காசி நண்பனுக்கும், சாரல் நாட்களில் கரண்ட் போனபோதெல்லாம் திட்டாமல் டீ போட்டுத் தந்த அம்மாவுக்கும் நன்றி.

அன்ரியல் என்ற இன்னொரு கேம் எஞ்சினின் ஐஎன்ஐ என்ற கான்ஃபிக் ஃபைலில் வரிக்கு முன்னால் வரும் கூட்டல், கழித்தல், புள்ளி, ஆச்சரியக்குறி நான்கும் இன்னும் பாக்கி. சேட்டன் அடுத்த ஞாயிறு வருகிறார். இந்தத் தடவை பில் என்னுடையது.