நானாதேசி வணிகனையும் விளையாட்டில் சேருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகளில் வரலாறு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலை, பிள்ளைகள் பொழுதுபோக்குக்கு ஆடுவதை ஆராய என்ன இருக்கிறது என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ரங்கூன்காரன். பயின்னௌங் மொத்தச் சந்தையில் 22 வருடமாக உளுந்து, துவரைக் கணக்கு எழுதுகிறேன். என் மகனுக்கு வயது 14. பள்ளியிலும் தெருவிலும் அவனுக்குப் பர்மிய மொழிதான். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டாலும் பர்மிய மொழியில் பதில் சொல்வான். 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது இங்கிருந்த தமிழ்ப் பள்ளிகளும் போய்விட்டன. நானே கோயில் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் உட்கார்ந்து எழுத்துக் கற்றவன். மகனை அந்த வகுப்புக்கு அனுப்பவே வாராவாரம் சண்டை.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் இரவு என்னைக் கூப்பிட்டு, “அப்பா, இவன் என்ன சொல்றான்?” என்று கேட்டான். பழைய நாகரிகம் ஒன்றை எடுத்து ஊர் கட்டிப் படை திரட்டிப் போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். திரையில் மரம் வெட்டும் ஆளைத் தொட்டால் தமிழில் பதில் வருகிறது. 2022இல் அந்த விளையாட்டில் ‘திராவிடர்’ என்று ஒரு நாகரிகத்தைச் சேர்த்தார்களாம். அதுவரை ‘இந்தியர்’ என்று ஒரே ஒரு கூட்டம்தான். எல்லோரும் இந்துஸ்தானி பேசினார்கள். என் மகன் ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் தானாக வந்து பொருள் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அதில் வருவது சரியா தவறா என்று அன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எண்களில் எனக்குச் சண்டை இல்லை. ஆட்டத்தில் ஒரு காலகட்டத்திலிருந்து அடுத்த காலகட்டத்துக்கு முன்னேறும்போது திராவிடருக்கு 200 மரம் இனாமாகக் கிடைக்கிறது. எந்தக் கல்வெட்டும் அப்படிச் சொல்லாது. ஆட்டம் ஆட்டமாக நடக்க அது வேண்டும். சில இடங்களில் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். திராவிடருக்குக் கனத்த குதிரைவீரர்கள் கிடையாது. மகனுக்கு அதில் பெரிய மனக்குறை. எனக்கோ சந்தோஷமாக இருந்தது. பாண்டிய அரசர்கள் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போயின என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கப்பலில் வந்த குதிரைக்கு என்ன விலை ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார் என்றேன். கணக்கு எழுதுகிறவன் மகன் இல்லையா, உடனே புரிந்துகொண்டான்.

‘திராவிடர்’ என்ற பெயர்தான் நெருடுகிறது. சோழர், பாண்டியர், சாளுக்கியர், ஒய்சளர் எல்லோரையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்திவிட்டார்கள். 1054இல் கொப்பத்தில் சாளுக்கியரோடு போரிட்டு யானை மேலேயே உயிர்விட்ட சோழ மன்னன் இராசாதிராசன் இதைக் கண்டால் என்ன சொல்வான்? அவனை ‘ஆனைமேல் துஞ்சிய தேவர்’ என்றே கல்வெட்டுகள் அழைக்கின்றன. அவனைக் கொன்றவர்களும் அவனும் இங்கே ஒரே அணி. சோழர் என்று தனியே வைத்தால் என்ன குறைந்துவிடும்? 2025இல் வந்த சிவிலைசேஷன் 7 என்ற இன்னொரு விளையாட்டு அப்படித்தான் செய்திருக்கிறது. சோழரைத் தனி நாகரிகமாக்கித் தஞ்சைப் பெரிய கோயிலையும் வைத்திருக்கிறார்கள். செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

யானைகளின் காயத்தைத் தானாக ஆற்றும் ‘மருத்துவப் படை’ என்று திராவிடருக்கு ஒரு மேம்பாடு உண்டு. திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையைச் சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஊதியக் கணக்கு இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கணக்குப்பிள்ளை ஒருவன் எழுதியது! அந்த 15 படுக்கையைக் காட்டியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

அந்த விளையாட்டில் பர்மியரும் ஒரு நாகரிகம். அவர்கள் பக்கமும் குறை இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இது நான் பிறந்த நாடு. பர்மியருக்கு உரிய தனிப் படைவீரன், குதிரை மேலிருந்து எறிமுள் வீசுகிற ‘அரம்பை’. 1960களில் இங்கிருந்து கிளம்பி மணிப்பூர் எல்லையில் மோரேயில் தங்கிவிட்ட குடும்பத்தில் என் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான். படத்தை அனுப்பியதும், “அண்ணே, இது மெய்தெய்காரங்க ஆயுதம்” என்று பதில் போட்டான். மெய்தெய் என்பவர்கள் மணிப்பூர் மக்கள். அவன் சொன்னது சரி. பர்மிய அரசன் பயின்னௌங் 1560இல் மணிப்பூரைப் பணியவைத்தது உண்மை. ஆனால் ‘கத்தே’ என்று பர்மியர் சொல்லும் மணிப்பூர்க் குதிரைவீரர்கள் பர்மியப் படையில் பெயர் வாங்கியது 18ஆம் நூற்றாண்டில், அலௌங்பயாவின் கொன்பௌங் அரசர்கள் காலத்தில். விளையாட்டில் மணிப்பூர்க் குதிரைப்படை என்று ஒரு மேம்பாடும் இருப்பதால், செய்தவர்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது. தெரிந்தும் மெய்தெய் மக்களின் ஆயுதத்தைப் பர்மியரின் அடையாளமாக நிறுத்தியிருக்கிறார்கள்.

இனி என் மனதில் அதிகம் கிடக்கும் விஷயம். என் மகனும் அவனுடைய பர்மியத் தோழனும் எங்கள் வீட்டில் எதிரெதிராக ஆடுவார்கள். இவன் இராசேந்திரன், அவன் பயின்னௌங். இருவருக்கும் நடுவே 500 வருடம் இருக்கிறது. அது போகட்டும். ஒரு நாள் என் மகன், “நாங்கதான் உங்க ஊரை முன்னாடியே ஜெயிச்சிட்டோம்” என்று சொன்னான். கோயில் கூட்டங்களில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வந்த சொல் அது. 1025இல் இராசேந்திரன் ‘அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி’ கடாரம் கொண்டது மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. அதில் வரும் மாப்பப்பாளம் என்ற ஊரை இந்தப் பர்மாக் கடற்கரையில் வைத்துச் சிலர் எழுதினார்கள். பெகு பக்கம் கிடைத்த இரண்டு கருங்கல் தூண்களை அவனுடைய வெற்றித்தூண் என்றும் சொன்னார்கள். அந்தத் தூண் கதை நிலைக்கவில்லை.

பர்மாவில் தமிழ் இருந்ததற்கு உறுதியான கல் ஒன்று உண்டு. அது பகானுக்குத் தெற்கே கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. சேர நாட்டு மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி, பகானில் இருந்த ‘நானாதேசி விண்ணகர்’ என்ற பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டினார், கதவு போட்டார், நின்று எரிய ஒரு விளக்கு வைத்தார். அவ்வளவுதான் செய்தி. நானாதேசி என்றால் பல தேசம் போய் வந்த வணிகக் கூட்டம். புத்த அரசர்கள் ஆண்ட ஊரில் அவர்களுக்கென்று ஒரு விண்ணகர் இருந்திருக்கிறது. சுமத்திராவில் பாருஸ் பக்கம் 1088ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டும், சீனாவில் சுவான்சௌவில் 1281ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. அவற்றில் பாருஸ் கல்வெட்டும் வணிகர் வைத்ததுதான்.

விளையாட்டில் வணிகம் இருக்கிறது. வண்டி ஒரு சந்தைக்கும் இன்னொரு சந்தைக்கும் போய் வரும், பொன் சேரும், அந்தப் பொன் படைக்குப் போகும். அந்த வண்டிக்காரன் போன ஊரில் கோயில் கட்டுவதில்லை, விளக்கு வைப்பதில்லை. இந்த நாட்டில் எங்கள் வாழ்க்கையே அந்த விளக்குதானே. பர்மிய விவசாயி விளைவித்த மத்பேயைச் சென்னைக்கு உளுந்தாக அனுப்பும் சந்தையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்தச் சந்தைக்கே பயின்னௌங் பெயர்தான். என் மகன் தன் தோழனிடம் “உங்களை ஜெயிச்சோம்” என்று சொல்லக் கற்ற அளவுக்கு, “உங்க ஊர்ல ஒரு விளக்கு வச்சோம்” என்று சொல்லக் கற்கவில்லை. விளையாட்டைச் செய்கிறவர்கள் அதற்கு வழி வைக்கலாம். நானாதேசி வணிகன் ஒருவனை உண்டாக்குங்கள். நட்பு நாட்டில் அவன் மண்டபம் கட்டினால் இரு பக்கத்துக்கும் நன்மை வரட்டும்.

இந்த மாதிரி விளையாட்டு நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் உங்கள் வாசகர்களில் இருந்தால், மேலே சொன்னதை அங்கே எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள். பகான் கல்வெட்டின் மூல வாசகத்தையும், அதற்கு எளிய தமிழில் பொருளையும் ஞாயிறு மலரில் ஒரு பக்கம் போடுங்கள். கோயில் வகுப்பில் 11 பிள்ளைகள் இருக்கிறார்கள். வெட்டி எடுத்துக் கொண்டுபோய் அவர்களோடு சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்.

இப்படிக்கு,
பயின்னௌங் சந்தைக் கணக்கர் ஒருவர்,
ரங்கூன்.