மாநாட்டுக்குப் போகுமுன் மாணவர் நோட்டைத் திறப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கல்வித் தொழில்நுட்ப மாநாடுகளையும் கண்காட்சிகளையும் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வெளியாகின்றன. யார் தொடங்கி வைத்தார், என்னென்ன அறிவிப்புகள் வந்தன, எத்தகைய கருவிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன என்பதெல்லாம் அவற்றில் விரிவாக இருக்கின்றன. ஆனால், அங்கே அனுப்பப்படும் ஆசிரியர்கள் என்ன ஆயத்தத்தோடு போகிறார்கள், அந்த ஆயத்தத்துக்கு அவர்களுக்கு நேரமும் உதவியும் கிடைக்கின்றனவா என்பது குறித்துப் பொதுவெளியில் பேச்சே எழுவதில்லை. அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றும் நான், அப்படியொரு மாநாட்டுக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து செல்லவிருக்கும் குழுவில் இடம்பெற்றிருக்கிறேன். அதற்கென யோசித்தும் சக ஆசிரியர்களோடு பேசியும் எனக்குத் தெளிவானவற்றைக் கல்வித் துறையின் முன்னும் பெற்றோர் முன்னும் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகள் தொழில்நுட்பத்துக்குப் புதியவை அல்ல. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. மத்திய அரசின் திக்ஷா என்ற இணையவழிக் கற்றல் தளம் 2017-இல் வந்தது. 2018-இல் வெளியான புதிய பாடநூல்களின் பக்கங்களில் க்யூஆர் கோடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் 2023-இல் பாடக் காணொலிகளுக்கான மணற்கேணி செயலியும் வந்தன. இவற்றுக்கிடையே ஹைடெக் லேப் எனப்படும் கணினி ஆய்வகம், ஸ்மார்ட் போர்டு, ஆசிரியர்களுக்கான கைக்கணினி எனப் பலவும் பள்ளிகளை வந்தடைந்துள்ளன. ஆகவே, மாநாட்டு அரங்கில் ஒரு புதிய கருவியைக் கண்டு வியந்து திரும்ப வேண்டிய நிலையில் நாம் இல்லை. நம்மிடம் இருப்பவற்றால் எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்பதை அறிந்து, நடக்காததற்கு வழி தேடிப் போக வேண்டிய நிலையில் இருக்கிறோம். அரங்கில் பார்க்கும் ஒரு பொருள் பின்னாளில் கொள்முதல் பட்டியலில் ஏறிப் பொதுப்பணத்தில் வாங்கப்படக்கூடும் என்பதால், ஆசிரியரின் இந்த ஆயத்தம் அவருடைய சொந்த விஷயமாக நின்றுவிடுவதில்லை.

அந்த ஆயத்தம் மாணவரின் கணக்கு நோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எட்டாம் வகுப்பு நோட்டுகளில் நான் இன்றும் காண்கிற ஒன்றைச் சொல்கிறேன். 1/2 + 1/3 என்ற கணக்குக்கு 2/5 என்று விடை எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இது கவனக்குறைவால் வருவதன்று. மேலே உள்ள எண்களை மேலேயும் கீழே உள்ளவற்றைக் கீழேயும் கூட்டினால் போதும் என்று அந்தப் பிள்ளை தனக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. 2/5 என்பது 1/2-ஐவிடச் சிறியது. அரையோடு இன்னொன்றைக் கூட்டிய பிறகு விடை அரையைவிடக் குறைந்திருக்கிறதே என்ற உறுத்தல் அதற்கு எழவில்லை. பின்னம் என்பது ஓர் அளவு என்பதே மனத்தில் பதியவில்லை என்று இதற்குப் பொருள். அதே வகுப்பில் அதே கணக்குக்கு 2/6 என்று எழுதும் இன்னொரு பிள்ளையும் உண்டு. கீழே உள்ள பகுதிகளைப் பொதுவாக்க வேண்டும் என்பதை அது அறிந்திருக்கிறது. அதற்கேற்ப மேலே உள்ள தொகுதிகளை மாற்ற வேண்டும் என்பதை அறியவில்லை. இரண்டு விடைகளும் தவறுதான் என்றாலும், முதல் பிள்ளைக்கு எண்கோட்டிலிருந்தோ காகிதத்தை மடித்துக் காட்டுவதிலிருந்தோ தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குச் சமான பின்னங்களில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் போதும்.

இனி மாநாட்டு அரங்குக்கு வருவோம். கணிதம் கற்பிக்கும் மென்பொருளை ஒருவர் இயக்கிக் காட்டும்போது, அவர் தாமே தேர்ந்தெடுத்த கணக்குக்குச் சரியான விடையை உள்ளிட்டுக் காட்டுவார். நட்சத்திரங்கள் மின்னும், கைதட்டல் ஒலிக்கும். அந்நேரத்தில் ஆசிரியர் கேட்க வேண்டியது, இந்த 2/5-ஐயும் 2/6-ஐயும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளிட்டுக் காட்டுங்கள் என்பதே. இரண்டுக்கும் ஒரே சிவப்புக் குறியும் ஒரே விளக்கக் காணொலியும் வருமானால், அந்த மென்பொருள் விடையைத் திருத்துகிறதே தவிர, பிள்ளையின் சிந்தனையை அறியவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். இப்படிக் கேட்பதற்குக் கணினி அறிவு எதுவும் வேண்டியதில்லை. தன் வகுப்புப் பிள்ளைகள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பாடவாரியாக முன்கூட்டியே எழுதி எடுத்துச்செல்லும் பழக்கம் மட்டும் வேண்டும். தமிழாசிரியர் எழுத்துப்பிழைகளையும், அறிவியல் ஆசிரியர் விசையையும் அழுத்தத்தையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் விடைகளையும் இதேபோல் தொகுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாகச் சான்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். தொழில்நுட்பத்தால் பயனே இல்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. டெல்லியில் பள்ளி நேரத்துக்குப் பிறகு இயங்கிய மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்திய மாணவர்களைப் பற்றிக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, குலுக்கல் முறையில் வாய்ப்புப் பெற்ற பிள்ளைகள் நாலரை மாதங்களில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கமும் (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் புள்ளியியல் அலகு இது) இந்தியில் 0.23 திட்ட விலக்கமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினார்கள் என்று காட்டியது. இது பெரிய முன்னேற்றம். ஆனால், அது எப்படி நிகழ்ந்தது என்பதை விளம்பரத் தாள்கள் சொல்வதில்லை. அங்கே பிள்ளைகள் 45 நிமிடம் கணினியிலும், அடுத்த 45 நிமிடம் சிறு குழுவாகப் பயிற்றுநர் ஒருவரிடமும் கற்றார்கள். பலர் தாம் படிக்கும் வகுப்புக்குரிய நிலையைவிட மிகவும் பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் அவரவர் நின்ற இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கியது. மணி அடித்தால் அடுத்த பாடவேளை என்று ஓடும் நம் பள்ளியில், வகுப்புப் பாடத்தையே திரையில் ஓட்டிக் காட்டும் ஒரு பொருளை வாங்கிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

நம் மாநிலத்திலேயே ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது என்பதையும் செல்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் நேர்ந்த கற்றல் இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் மீட்கப்பட்டதாகவும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் நேர்ந்ததாகவும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று கண்டறிந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள், மாலை வேளையில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சாதித்தது இது. ஒவ்வொரு நிறுவனத்திடமும், உங்கள் பொருளுக்கு ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்கு ஆகும் செலவு என்ன, அதே தொகையை இத்தகைய தன்னார்வலருக்குக் கொடுத்தால் கிடைக்கும் பலனைவிட உங்களால் கூடுதலாகத் தர முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை.

இவ்வாறு கேட்பவர்கள் உலகெங்கும் குறைவு என்பது கவலைக்குரியது. யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, அமெரிக்காவின் 17 மாநிலங்களில் ஆசிரியர்களிடமும் நிர்வாகிகளிடமும் நடத்திய கணக்கெடுப்பில், ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பதற்கு முன் ஆய்வுச் சான்று கேட்டவர்கள் 11 விழுக்காட்டினரே என்று குறிப்பிடுகிறது. பெரு நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கற்பித்தல் முறையோடு இணைக்கப்படாமலே வழங்கப்பட்டதால் கற்றல் மேம்படவில்லை என்பதையும் அதே அறிக்கை எடுத்துக்காட்டுகிறது. வசதி மிகுந்த நாட்டிலும் இல்லாத நாட்டிலும் நேர்ந்திருக்கும் இந்தப் பிழையிலிருந்து நாம் பாடம் கற்க முடியும்.

பள்ளியின் நிலைமையையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச்செல்ல வேண்டும். ஹைடெக் லேபில் இயங்குகிற கணினிகள் எத்தனை, மின்சாரம் நின்றால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும், மழைக்காலத்தில் இணையம் எப்படி இருக்கும் என்பன அதில் இருக்க வேண்டும். வகுப்பிலிருந்து பிள்ளைகளை வரிசையாக லேபுக்கு அழைத்துச் சென்று, எமிஸ் என்ற மாணவர் தகவல் தளத்தின் எண்ணையும் கடவுச்சொல்லையும் ஒவ்வொருவராக உள்ளிட்டு, கடைசிப் பிள்ளைக்கும் திரை திறப்பதற்குள் பாடவேளையில் எவ்வளவு நேரம் மீதமிருக்கிறது என்பதை ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்தாலே, இணையம் இல்லாமல் இயங்குமா, உள்நுழைவு எளிதா என்ற கேள்விகள் எவ்வளவு முக்கியமானவை என்பது விளங்கும். பாடநூலில் உள்ள கலைச்சொற்களையே பயன்படுத்துகிறதா என்பதையும், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குத் திரையில் இருப்பதைத் தமிழில் படித்துக் காட்டுமா என்பதையும் மறவாமல் கேட்க வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிய தகவல்கள் எங்கே போகின்றன என்ற கேள்வியைப் பெற்றோரும் சேர்ந்து கேட்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் பரிந்துரைக்கப்பட்ட 163 கல்வித் தொழில்நுட்பப் பொருள்களை ஆராய்ந்ததில், 89 விழுக்காடு குழந்தைகளைக் கண்காணிக்கக்கூடியவையாக இருந்தன என்று நான் மேலே சொன்ன யுனெஸ்கோ அறிக்கை எச்சரிக்கிறது. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதைப் பொதுவிதியாக வைத்திருக்கிறது. இலவசமாக ஓராண்டு பயன்படுத்திப் பாருங்கள் என்று ஒருவர் அரங்கில் சொன்னதை நம்பி, ஊர் திரும்பியதும் வகுப்புப் பிள்ளைகளின் பெயர், கைப்பேசி எண் அனைத்தையும் ஏற்றிவிடும் ஆர்வம் நல்லெண்ணத்தில் பிறப்பதுதான் என்றாலும், தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசாமல் அதைச் செய்யக் கூடாது. கழுத்தில் மாட்டித் தரும் அடையாள அட்டையை ஒவ்வொரு கடையிலும் ஸ்கேன் செய்யக் கொடுப்பதற்கு முன்னும் சற்று யோசிப்பது நல்லது.

பார்வையாளர்களாக மட்டுமே நம் ஆசிரியர்கள் போய் வருவது எனக்கு வருத்தம் தருகிறது. கையில் கிடைத்த கைப்பேசியையும் பழைய மடிக்கணினியையும் கொண்டு அரிய முயற்சிகளைச் செய்த ஆசிரியர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற தயக்கத்தால் அவர்கள் கட்டுரைச் சுருக்கம்கூட அனுப்புவதில்லை. தமிழில் தொழில்நுட்பம் பேசும் மேடை நமக்கு இல்லாமல் இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத்தான் இன்று பலரும் தட்டச்சு செய்யும் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. மற்ற மாநாடுகளிலும் தமிழில் பேச ஓர் அமர்வு கேட்டுப் பெறுவதற்குத் துறை துணைநிற்க வேண்டும். கட்டுரை படிக்கச் செல்பவர்கள், பிள்ளைகளின் முகமும் பெயரும் தெரியாதபடி அவர்களுடைய எழுத்துப்பணிகளை மட்டும் படம் எடுத்துக்கொள்வதும், அரங்கத்தின் இணையத்தை நம்பாமல் காணொலிகளைப் பென்டிரைவில் வைத்துக்கொள்வதும் அவசியம்.

கல்வித் துறையிடம் நான் கேட்டுக்கொள்வது கடினமானதன்று. மாநாட்டுக்குச் செல்வோருக்கான செயல்முறைகள் எனப்படும் துறை உத்தரவுக் கடிதம் கடைசி நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் வந்து சேரும் நிலை மாற வேண்டும். பயிலரங்குகளில் இடங்கள் குறைவு என்பதால் முன்பதிவு செய்பவர்களுக்கே அவை கிடைக்கின்றன. கடைசி நேரத்தில் செல்பவர்கள் கண்காட்சிக் கூடத்தைச் சுற்றிவிட்டுத் திரும்ப நேர்கிறது. வெளியூரில் தங்க வேண்டிய ஆசிரியைகள் வீட்டில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் புறப்பட முடியும் என்பதையும் அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னதாகவே பெயர்ப் பட்டியலையும் நிகழ்ச்சி நிரலையும் அனுப்பி, செல்பவர்கள் வட்டார வள மையத்தில் ஒருமுறை கூடி, யார் எந்த அமர்வுக்குச் செல்வது, எந்தக் கேள்விகளை எழுப்புவது என்று பிரித்துக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும். அந்தக் குழுவில் இடைநிலை ஆசிரியர்களும், மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்பாசிரியர்களும் கட்டாயம் இடம்பெற வேண்டும். தொடக்கக் கல்வியில் என்ன தேவை என்பதை உயர்நிலை வகுப்பு ஆசிரியையான நான் சொல்லிவிட முடியாது. திரும்பி வந்தபின் அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில், பார்த்த பொருள்களில் எவை நம் பள்ளிக்கு ஏற்றவை, எவை ஏற்றவை அல்ல என்பதை மற்ற ஆசிரியர்கள் முன் விளக்கி, எழுத்திலும் தர வேண்டும். கொள்முதல் குறித்து முடிவெடுப்பவர்கள் அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தங்கள் செய்தியாளர் இத்தகைய கண்காட்சிக்குச் செல்லும்போது, அங்குள்ள நிறுவனங்களிடம் அவர்களுடைய பொருளைத் தமிழ்வழி அரசுப் பள்ளியில் சோதித்துப் பார்த்தார்களா, அந்தச் சோதனையை நடத்தியவர் யார், முடிவு எங்கே வெளியாகியிருக்கிறது என்று கேட்டு, கிடைக்கும் பதில்களை நிறுவனங்களின் பெயரோடு வெளியிட்டால், மாநாட்டுக்குச் செல்ல வாய்ப்பில்லாத ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உள்ள பெற்றோர்களுக்கும் அது பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியை,
அரசு உயர்நிலைப் பள்ளி,
திருவண்ணாமலை மாவட்டம்.